லூப் ரோடு சேதி செல்போனில் முந்துகிறது! மாலைப் பேப்பருக்கு என்ன வேலை?

சாந்தோம் பக்கம் ஒரு சம்பவம் என்றால் முன்பெல்லாம் ஊருக்குத் தெரிய சாயங்காலம் ஆகும். பெட்டிக்கடை வாசலில் போஸ்டர் தொங்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேப்பர் வாங்குவார்கள். இப்போது? போலீஸ் ஜீப் வருவதற்குள் படம் வந்துவிடுகிறது!

2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் நடந்ததே சாட்சி. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் அந்த ரோட்டோரம் மீன் கடைகள். ஆக்கிரமிப்பு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. 12-ந் தேதி மாநகராட்சி ஆட்கள் பொக்லைனோடு வந்து இறங்கினார்கள். நொச்சிக்குப்பம் மீனவர்கள் கொதித்தெழுந்து, படகைக் குறுக்கே போட்டு மறியல் செய்தார்கள். ஒரே பரபரப்பு!

அந்தக் காட்சி செல்போன் செல்போனாகத் தாவியது. ஆனால் அரை நிமிஷப் படத்தில் என்ன தெரியும்? படகும் கூச்சலும்தான். கடையை எடுக்கச் சொன்னது யார், மாற்று இடம் எப்போது என்றால் கோர்ட்டு வராந்தாவிலும் மாநகராட்சி ஆபீசிலும் கால்கடுக்க நின்றவன்தான் சொல்ல வேண்டும். 360-க்கும் மேற்பட்ட கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தது 2024 ஆகஸ்டில்தான். மறியல் படத்தை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்த 16 மாதமும் விசாரித்தார்கள்?

உயிரைக் குடித்த வதந்தி

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் புரளி. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட, போளூர் பக்கம் காரில் போனது ஒரு குடும்பம். வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! ஊரே கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி பலியானார். பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஜூலையில்தான், ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கடிவாளம் போட்டது.

பேப்பர்காரன் எல்லாம் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பேப்பரில் அச்சிட்டவர், ஆசிரியர் பேர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். தப்பு என்றால் கேஸ் போடலாம். வாட்ஸ்அப் புரளிக்கு யார் மேல் போடுவது?

வெள்ளத்தில் நின்ற அச்சு

இன்னொரு பக்கமும் உண்டு. 2015 டிசம்பர் 2. 1878-ல் தொடங்கிய 'இந்து' ஆங்கிலப் பேப்பர் அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாதபடி வெள்ளம். எங்கே படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று சொன்னது ட்விட்டரும் வாட்ஸ்அப்பும்தான். ஒத்துக்கத்தானே வேணும்! கரண்ட் போய் டவர் படுத்த இடங்களில் அதுவும் ஊமையாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஏட்டய்யாவும் எப்.ஐ.ஆரும்

கிரைம் நிருபர் பாடும் மாறிவிட்டது. முன்பு எப்.ஐ.ஆரில் நாலு வரி தெரிய ஏட்டய்யாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் காத்துக் கிடக்கணும். 2016 செப்டம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை நீங்கலாக. இப்போது வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம்.

ஆனால் அதில் இருப்பது புகார் கொடுத்தவர் கதை. எதிராளி கதை வேண்டுமானால் டுமிங்குப்பம் போய்க் கதவைத் தட்டணும். அதையும் மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்துடணும். மிஷின் காத்திருக்காது!