மெய்நிகர் கணினிகளின் காப்புப்படி: தவறும் இடங்களும் சோதிக்கும் முறைகளும்

முன்னுரை

தமிழாய்வுக்குரிய மூலங்களுள் ஒரு பகுதி இன்று கணினிக் கோப்புகளாக மட்டுமே இருக்கின்றது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் வழியாக 1980களிலேயே தமிழ் கணினியில் ஏறியது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அக்காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகள், பாடக்குறிப்புகள் பலவும் யுனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கு முற்பட்ட குறியேற்றங்களில் அமைந்தவை. உரிய எழுத்துரு இன்றி அவற்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

இத்தகைய கோப்புகளை அவை உருவான சூழலிலேயே படிக்க உதவுவது மெய்நிகர் கணினி. அதன் காப்புப்படி எவ்வாறு எடுக்கப்படுகிறது, எங்கெங்கே தவறுகிறது, அத்தவற்றை எவ்வாறு கண்டறிவது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மெய்நிகர் கணினியும் காப்புப்படியும்

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியாகும். அதற்கெனத் தனி இயங்குதளமும் வன்தட்டும் உண்டு. எனினும் அவ்வன்தட்டு, உண்மையில் தாங்கு கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பே. பழைய விண்டோஸ் இயங்குதளத்தையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் அதனுள் நிறுவிவிட்டால், பழைய வன்பொருள் பழுதடைந்த பின்னரும் அச்சூழல் இயங்கும். துறைகளின் மின்னூலகங்களும் தரவுத்தளங்களும் இன்று இம்முறையிலேயே பெரிதும் இயங்குகின்றன.

ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டை மற்றொருவர் அதே வேளையில் படியெடுத்தால், முற்பாதி பழைய பாடமாகவும் பிற்பாதி புதிய பாடமாகவும் அமைந்துவிடும். இயங்கும் கணினியைப் படியெடுப்பதிலும் இதே இடர் உண்டு. அதனைத் தவிர்க்கக் காப்பு மென்பொருள் ஐந்து படிநிலைகளை மேற்கொள்கிறது.

1. தாங்கு கணினியுடன் இணைந்து, உரிய மெய்நிகர் கணினியை அடையாளம் காணுதல்.
2. உள்ளே இயங்கும் மென்பொருள்களின் எழுத்துப் பணியைச் சில நொடிகள் நிறுத்தி அமைதிப்படுத்துதல்.
3. ஸ்னாப்ஷாட் எனப்படும் கணப்படத்தை எடுத்தல். இதன்பின் மூல வன்தட்டுக் கோப்பு மாறாது நிற்கும். புதிய மாற்றங்கள் தனியொரு கோப்பில் சேரும்.
4. மாறாது நிற்கும் மூலத்தைச் சேமிப்பிடத்திற்குப் படியெடுத்தல்.
5. கணப்படத்தை நீக்கி, தனிக்கோப்பில் சேர்ந்த மாற்றங்களை மூலத்துடன் இணைத்தல்.

கணப்படம் மூலத்தைச் சார்ந்தே நிற்பது. மூலம் அழியின் அதுவும் பயனற்றுப்போகும். ஆகவே கணப்படத்தைக் காப்புப்படி எனக் கொள்ளுதல் பிழையாகும்.

தவறும் இடங்கள்

காப்புப்பணி தோல்வியுற்றதும் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதால் பயனில்லை. எந்தப் படிநிலையில் பணி நின்றது என்பதைப் பதிவேட்டில் முதலில் காணவேண்டும். முதற்படியில் நின்றால் கடவுச்சொல் காலாவதியானதோ, கணினியின் பெயர் அல்லது முகவரி மாறியதோ காரணமாகலாம். நான்காம் படியில் நின்றால் பிணையத் தடையோ சேமிப்பிடம் நிறைந்ததோ காரணமாகலாம்.

இரண்டாம், மூன்றாம் படிகளில் நேரும் தவறுகளைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காப்பு மென்பொருளை ஒதுக்கிவிட்டு, அமைதிப்படுத்தாமல் ஒரு கணப்படமும், அமைதிப்படுத்தி ஒரு கணப்படமும் கையால் எடுத்துப் பார்க்கவேண்டும். முன்னது வெற்றிபெற்றுப் பின்னது தோற்றால், குறை மெய்நிகர் கணினிக்குள்ளேயே உள்ளது எனலாம். விண்டோஸ் ஆயின் அதன் நிழற்படிச் சேவையையும், அச்சேவையோடு இணைந்த தரவுத்தளத்தின் நிலையையும் ஆராயவேண்டும். இரண்டும் தோற்றால் தாங்கு கணினியின் இடப்பற்றாக்குறையையோ நீக்கப்படாத பழைய கணப்படங்களையோ ஐயுறலாம். இரண்டும் வென்றால் காப்பு மென்பொருளிலும் அதன் இணைப்பிலும் குறையைத் தேடவேண்டும். சோதனைக்கென எடுத்த கணப்படங்களை உடனே நீக்கிவிடுதல் இன்றியமையாதது.

ஐந்தாம் படியின் தவறு உடனே வெளிப்படாது. இணைக்கப்படாத மாற்றக்கோப்பு நாள்தோறும் வளர்ந்து, இறுதியில் இடம் முழுவதையும் நிரப்பிக் கணினியையே நிறுத்திவிடக்கூடும். இன்றைய மூன்றாம் படித் தவற்றுக்குப் பல வாரங்களுக்கு முந்தைய ஐந்தாம் படித் தவறு காரணமாக இருத்தல் உண்டு.

ஓசையற்ற தோல்வி

தோல்வி என்று அறிவிக்கும் பணியைத் திருத்திக்கொள்ளலாம். வெற்றி என்று அறிவித்துக்கொண்டே தவறும் பணியே பேரிழப்புக்கு வழிவகுக்கிறது. வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருளில், முந்தைய படிக்குப் பின் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைக்கும் வசதி உண்டு. மெய்நிகர் வன்தட்டு 128 கிகாபைட் எல்லையைத் தாண்டி விரிக்கப்பட்டால் அக்குறிப்பு பிழையாகக்கூடிய நிலை அன்றைய பதிப்புகளில் இருந்தது என்பது 2014ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பணி முடிந்ததாகவே அறிவிக்கப்பட்டது. படியோ குறையுடையதாக இருந்தது.

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது மற்றொரு சான்று. பொறியாளர் ஒருவர் துணைக் கணினி எனக் கருதி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். காப்புப்படியைத் தேடியபோது சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. படியெடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் பணி தோற்றுக்கொண்டே இருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறும் இடத்தில் மறுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு நோக்கத்திற்காக எடுக்கப்பட்டிருந்த கணப்படத்தைக் கொண்டே தரவுகள் மீட்கப்பட்டன.

படியை வைக்கும் இடம்

மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கிள்ளான் பள்ளத்தாக்கில் 'வெளியிடம்' என்பதனைக் கருத்தூன்றிப் பொருள்கொள்ள வேண்டும். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிச் செல்லும் கிள்ளான் ஆறே கிள்ளான் நகரையும் கடந்து கடலை அடைகிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான், கோலாலம்பூர் ஆகியவற்றின் பகுதிகள் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. எனவே பிரிக்பீல்ட்ஸில் உள்ள மூலத்திற்குக் கிள்ளானில் ஒரு படி வைப்பது போதிய பாதுகாப்பாகாது. ஈப்போ, பினாங்கு போன்ற தொலைவிடம் ஒன்றே அதற்கு ஏற்றது.

மீட்டுப் படித்தல்

காப்புப்படியின் உண்மைச் சோதனை மீட்டெடுத்தலே. படியைப் பிணையத்தோடு இணையாத தனிக் கணினியில் மீட்டு இயக்கவேண்டும். இல்லையேல் அது மூலக் கணினியோடு முரணக்கூடும். கணினி இயங்குகிறது என்பதோடு நில்லாமல், தெரிந்தெடுத்த சில பக்கங்களைத் திறந்து மூலத்தின் அச்சுப்படியோடு ஒப்புநோக்க வேண்டும். ஒகர, ஓகார வரிசைகள், ஐகாரக் குறி, கிரந்த எழுத்துகள் ஆகியவற்றைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று. எழுத்துருவோ குறியேற்றமோ பிறழ்ந்திருப்பின் இவ்விடங்களிலேயே அது எளிதில் புலப்படும். கணினி நுட்பர் கோப்பு திறப்பதைக் காண்பார். பாடம் சரியா என்பதைத் தமிழறிந்தவரே காண இயலும். ஆதலால் இச்சோதனையில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. பருவத்திற்கு ஒருமுறையேனும் இதனை மேற்கொண்டு, நாளையும் முடிவையும் குறித்துவைத்தல் வேண்டும்.

முடிவுரை

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. அது வெளிப்படையான அழிவு. அன்றே அனைவரும் அறிந்தனர். காப்புப்படி தவறுவதால் நேரும் அழிவு, தேவை எழும் நாள்வரை எவருக்கும் தெரிவதில்லை. சுவடியைப் படியெடுத்தபின் மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அதனை ஏற்பது நம் பதிப்பாசிரியர்கள் கைக்கொண்ட முறை. மெய்நிகர் கணினிக்கும் அம்முறையே பொருந்தும். மீட்டுப் படிக்கப்படாத படி, காப்புப்படி எனும் பெயர்க்கு உரியதன்று.