வந்து சேரும் புகை, புறப்பட்ட புகையன்று

சித்தூர் மாவட்டத்துக் கரும்புக் கொல்லைகளின் ஓரத்தில் வெல்லம் காய்ச்சும் அடுப்புகள் எரியும்போது, அப்புகை எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் குளிர்கால முற்பகலில் வெதுருகுப்பத்துக் குன்றுகளை மறைத்து நிற்கும் வெளிறிய மூட்டத்திற்கு இப்படி ஓர் அடுப்பைச் சுட்டிக்காட்ட இயலாது. அதில் ஒரு பங்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தது. வரும் வழியில் வேறொரு பொருளாகவும் மாறிவிட்டது.

இம்மாற்றங்களை ஆராயும் இடம் வெதுருகுப்பத்திற்கு அருகிலேயே இருக்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையிலுள்ள காதங்கியில், விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் உள்ளது. 1,024 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும் அதன் ராடார் காற்றோட்டத்தை அளக்கிறது. 1998 முதல் இயங்கும் லேசர் கருவி, தலைக்கு மேல் மிதக்கும் துகள்களை உயரவாரியாகக் காட்டுகிறது.

குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று கங்கைச் சமவெளியின் புகையை வங்கக் கடல் வழியாகத் தெற்கே கொண்டுவருகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும், நாளொன்றுக்கு 480 கிலோமீட்டர் ஆகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வில், வீரபத்திரன் ராமநாதன் உள்ளிட்ட அறிஞர்கள் இப்பழுப்பு மூட்டம் கடல் தாண்டியும் பரவியிருப்பதைக் கண்டனர்.

பயணத்தில் நிகழ்வது என்ன? நிலக்கரி எரியும்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடு ஒரு வாயு. வெயிலிலும், அதைவிட விரைவாக மேகத்துளிகளுக்குள்ளும், ஓரிரு நாட்களில் அது கந்தக அமிலமாகிறது. அவ்வமிலம் வயல்களிலிருந்தும் தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியாவுடன் கூடி அம்மோனியம் சல்பேட் துகளாகிறது. உரக்கடையில் நாம் மூட்டையாக வாங்கும் சேர்மமும் அதுவே! மண்ணில் பயிருக்கு உணவாவது, நுண்துகளாய் நுரையீரலின் ஆழத்தை எட்டினால் நோய்க்கு வழியாகிறது. வாயு ஓரிரு நாட்களில் மறைந்துபோக, துகளோ ஏறத்தாழ ஒரு வாரம் காற்றில் நிற்கிறது.

கரித்துகளும் உருமாறுகிறது. புறப்படும்போது ஒட்டடைபோல் கிளைவிட்டிருக்கும் அது, சல்பேட்டும் கரிமப் பொருள்களும் மேலே படியப்படியச் சுருங்கி உருண்டையாகிறது. அப்பூச்சு ஒளியை உள்ளே குவிப்பதால், கரி முன்பைவிட மிகுதியாக வெயிலை உறிஞ்சுகிறது. ஈரத்தை ஏற்று மேகத்துளிக்குக் கருவாகவும் ஆகிறது.

உழவர்கள் பெரிதும் கவனிக்க வேண்டியது ஓசோன். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் ஓசோன் வெளிவருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து அதை உண்டாக்குகின்றன. நகரச் சாலையில் வாகனங்கள் கக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனை ஓரளவு விழுங்கிவிடுவதால், நகரத்தைவிடக் காற்று செல்லும் திசையிலுள்ள கிராமத்தில் ஓசோன் மிகுந்திருப்பது உண்டு. இலைத்துளை வழியே நுழைந்து விளைச்சலைக் குறைக்கும் அதற்குப் பயறு வகைகள் எளிதில் இரையாகின்றன. வாகனம் ஓடாத ஊரின் வயல் நகரத்துப் புகைக்கு ஈடு கட்டுகிறது என்பது நமக்கு நியாயமாகப் படவில்லை.

2014 முதல் 2017 வரை பருவமழைக் காலங்களில் நாசாவும் இஸ்ரோவும் காதங்கி, ஹைதராபாத், வாரணாசி ஆகிய இடங்களிலிருந்து பலூன்களை ஏவின. இடிமேகங்கள் மேலே உறிஞ்சிய மாசு, பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் துகள் படலமாக மிதப்பதை ஆராய்வதே நோக்கம். அப்படலத்தில் நைட்ரேட் காணப்பட்டது.

2020 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது நல்ல மாற்றம். அனல்மின் நிலையங்களின் நிலை வேறு. கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வந்தது. காலக்கெடு பலமுறை நீண்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவி கட்டாயமில்லை என்றாயிற்று. சுற்றுப்புறக் காற்றில் அவ்வாயு குறைவாகவே உள்ளது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. வாயுவை மட்டும் அளந்தால் அது சரியே. தொலைவில் அது சல்பேட்டாகி இறங்குவது அக்கணக்கில் வருவதில்லை.

நம் கையில் இருப்பது அம்மோனியா. யூரியாவை மண்ணின் மேல் தூவி வெயிலில் விடாமல், மண்ணுக்குள் சேருமாறு இட்டு உடனே நீர் பாய்ச்சினால், ஆவியாகிப் போகும் தழைச்சத்து குறையும். உரத்திற்கென வாங்கிய கடனில் ஒரு பகுதி காற்றோடு போவதும் குறையும்.