உங்களுக்குத் தெரியுமா? பேட்டரியும் விமானமும்

● சரக்காகத் தனியே அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே கூடாது. 2016 ஏப்ரல் 1 முதல் இது சர்வதேச விதி. சரக்கு விமானத்தில் ஏற்றலாம். ஆனால் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சார்ஜ் குறையக் குறைய, ஒன்று எரிந்தாலும் பக்கத்தில் இருப்பதற்குச் சூடு தாவும் வாய்ப்பும் குறையும்.

● இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானத்தில் 80,000-க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள் இருந்தன. நடுவானில் சரக்குப் பகுதியில் தீ. விமானி அறைக்குள் புகை மண்டியது. கேப்டன் ஆக்சிஜன் கிடைக்காமல் இருக்கையை விட்டு எழுந்து போனார், திரும்பவில்லை. தனியாக மிஞ்சிய துணை விமானிக்கு எதிரே இருந்த கருவிகளே தெரியவில்லை. ரேடியோ அலைவரிசையைக்கூட மாற்ற முடியவில்லை. அக்கம்பக்கத்தில் பறந்த விமானங்கள்தான் தகவலை வாங்கிக் கடத்தின. துபாய்க்குத் திரும்பும் முயற்சியில் விமானம் விழுந்து இருவருமே இறந்தார்கள்.

● ஒரு பேட்டரி ரகம் விமானம் ஏறுவதற்கு முன்பு ஐ.நா. வகுத்த சோதனைகளில் தேற வேண்டும். காற்றழுத்தம் மிகக் குறைந்த அறையில் ஆறு மணி நேரம் வைப்பார்கள். 72 டிகிரி வெப்பத்துக்கும் மைனஸ் 40 டிகிரி குளிருக்கும் மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். அதிர்வு, மோதல், ஷார்ட் சர்க்யூட் எல்லாம் தனி.

● பவர் பேங்க்கை ஏன் கைப்பையில்தான் வைக்கச் சொல்கிறார்கள்? கேபினில் புகை வந்தால் நாலு பேர் கண்ணில் படும், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். கீழே சரக்கறையில் இருக்கும் ஹாலான் வாயு சுவாலையை அடக்கும். பேட்டரிக்குள் ஏறிக்கொண்டே போகும் சூட்டை நிறுத்தாது.

● பவர் பேங்க்குக்குப் பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். எம்ஏஎச் எண்ணை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு முடிந்தது. 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 74, கவலை வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

● இருக்கை இடுக்கில் போன் விழுந்துவிட்டால் சீட்டை அசைக்காமல் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும்.

● பழுதாகித் தீப்பிடிக்கும் ஆபத்துள்ள பேட்டரிக்கு எந்த விமானத்திலும் இடமில்லை. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தீ தாங்கும் பெட்டி வீடு தேடி வந்தது. பெட்டிக்குள் பெட்டி, கூடவே ஒரு ஜோடி கையுறை. விமானத்தில் ஏற்றத் தடை என்று மேலேயே அச்சடித்திருந்தார்கள்.