கடலே இல்லாத மலாவியில் ஸ்கூபா டைவிங்: புறப்படுமுன் அறிய வேண்டியவை

சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம், திருப்பதி வட்டாரங்களில் வசிப்போருக்கு ஸ்கூபா டைவிங் என்றதும் புதுச்சேரியோ விசாகப்பட்டினமோதான் நினைவுக்கு வரும். ஆனால், கடற்கரையே இல்லாத தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியும் முக்குளிப்போரை ஈர்த்து வருகிறது. அங்குள்ள மலாவி ஏரியே அதற்குக் காரணம். எனினும், அலைகடலைவிட ஏரி எளிது என்ற எண்ணத்துடன் பயணத்தைத் திட்டமிடுவது ஆபத்தாக முடியலாம்.

ஏரியின் சிறப்பு

சுமார் 580 கி.மீ. நீளமும் ஏறத்தாழ 700 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த ஏரியில் நூற்றுக்கணக்கான சிக்லிட் மீன் இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் காணப்படாதவை. ஏரியின் தென்பகுதியில் கேப் மெக்ளியர் அமைந்துள்ள தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மே முதல் அக்டோபர் வரை அங்கு வறண்ட பருவம் நிலவுகிறது.

எடையும் உயரமும்

கடல்நீரைவிட நன்னீரின் அடர்த்தி சுமார் 2.5 சதவீதம் குறைவு. எனவே, கருவிகளுடன் 100 கிலோ எடை கொண்ட ஒருவர், கடலில் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளில் சுமார் இரண்டரை கிலோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரி கடலில் பயிற்சி பெற்றோர், முதல் முறை இறங்கும்போதே இதைச் சரிபார்ப்பது அவசியம்.

மலாவி ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 475 மீட்டர் உயரத்தில் உள்ளது. பொதுவாக 300 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில், கடல்மட்டத்துக்கான முக்குளிப்பு அட்டவணையை அப்படியே பின்பற்றக் கூடாது. காற்றழுத்தம் குறைவதால், உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக மாறும் அபாயம் கூடுகிறது. முக்குளிப்புக் கணினியில் உயரத்துக்கேற்ற அமைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால், பல நாள்கள் முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பரிந்துரை. எட்டு நாள் பயணமெனில், ஆறாம் நாளுடன் முக்குளிப்பை முடித்து, ஏழாம் நாளை நிலத்தில் கழிப்பது பாதுகாப்பானது. புதுச்சேரியில் முக்குளித்த அன்றே, 800 மீட்டருக்கும் உயரமான திருமலைக்குச் செல்வதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் இந்த ஏரியில் உள்ளது. ஒட்டுண்ணி தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. கேப் மெக்ளியரில் நீராடிய அமெரிக்க பீஸ் கோர் தன்னார்வலர்கள் இருவருக்கு, நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டது 1992இல் கண்டறியப்பட்டது. நாணல் அடர்ந்த ஆழமற்ற கரையைத் தவிர்த்து, படகிலிருந்து ஆழமான நீரில் இறங்கினால் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்காது. அறிகுறி இல்லாவிட்டாலும், ஊர் திரும்பிய இரண்டு, மூன்று மாதங்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிராசிகுவான்டெல் மாத்திரையால் நோயைக் குணப்படுத்த முடியும்.

மலேரியா தடுப்பு மாத்திரையும் தேவை. மெஃப்ளோகுயின் மாத்திரை தலைச்சுற்றலை ஏற்படுத்தக்கூடும். அதை அழுத்த நோயின் அறிகுறியிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால், முக்குளிக்கப் போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

முன்பதிவுக்கு முன்

அழுத்த நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் உயர் அழுத்த அறை எங்குள்ளது, அங்கு எவ்வாறு கொண்டு செல்லப்படுவீர்கள் என்பதை முக்குளிப்பு மையத்திடம் கேட்டறிய வேண்டும். ஸ்கூபாவையும் அவசர வான்வழி மீட்பையும் உள்ளடக்கிய காப்பீடு அவசியம். எத்தியோப்பியா, கென்யா வழியாகச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதிகளைச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே செல்லுபடியாகும். எனவே, விமானச் சீட்டுக்கு முன்பே மருத்துவரைச் சந்திப்பது நல்லது.