புவியின் வெப்பக் கணக்கும் கருவியின் வாய்மையும்

வரவினையுஞ் செலவினையும் பிழையற எழுதுவோனே தன் நிலையை உணர வல்லவன். புவிக்கும் அத்தகைய கணக்கொன்று உண்டு. ஞாயிற்றினின்று வரும் ஆற்றல் அதன் வரவு. தெறித்து மீளும் ஒளியும், புவி தானே வீசும் வெப்பக் கதிரும் அதன் செலவு. புவிப்பரப்பு முழுவதற்கும் பகிர்ந்து நோக்கின், சதுர மீற்றர் ஒன்றிற்கு ஏறத்தாழ 340 உவாற்று வரவாகும். அதில் ஏறக்குறைய 100 தெறித்து மீள, 240 வெப்பக் கதிராய் வெளியேறும். எஞ்சுவது ஓர் உவாற்று அளவினதே. எனினும் கடலைச் சூடாக்குவதும் பனிப்பாறைகளை உருக்குவதும் அச்சிறு மிகுதியே.

இக்கணக்கினை எழுதும்பொருட்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் சீரீஸ் என்னுங் கருவிகளைச் செய்மதிகளில் அனுப்பியது. முதலாவது கருவி 1997இல் விண்ணேறிற்று. 1999இல் ஏவப்பட்ட தெரா என்னுஞ் செய்மதி இரு கருவிகளைச் சுமந்து சென்றது. கதிர் படுங்கால் கருவியின் உணர்பகுதி சிறிது சூடேறும். அதனால் அதன் மின்தடை மாறும். அம்மாற்றம் எத்துணைக் கதிரைக் குறிக்கும் என வரையறுத்தலே அளவுதிருத்தம் எனப்படும்.

ஏவுதற்கு முன், வளியகற்றிய அறையினுள், வெப்பநிலை நன்கறியப்பட்ட கரும்பொருளைக் கருவி நோக்குமாறு செய்வர். கரும்பொருள் வீசுங் கதிரை அதன் வெப்பநிலை கொண்டே கணிக்கலாமாதலின், அது நிறைகல் போன்று உதவும். விண்ணிற் சென்ற கருவியைத் தொட்டுத் திருத்துதல் இயலாது. ஆதலின் சிறு கரும்பொருள்களும் தங்குதன் விளக்கொன்றும் அதனுடனேயே அனுப்பப்படும்.

ஆயின், நிறைகல்லே குறையுடையதாயின் யாது செய்வது? தெராவில் அவ்விடரே நேர்ந்தது. விளக்கைக் கொண்டு சோதித்தபொழுது கருவிகள் மாறாதிருப்பனவாகவே தோன்றின. ஆனால் புவியினின்று தெறிக்கும் ஒளியோ குறைந்து வருவதாக அவை காட்டின. அக்குறைவை மெய்யெனக் கொண்டிருப்பின், புவியே இருண்டு வருகின்றதெனத் தவறாக முடிவு செய்ய நேர்ந்திருக்கும். ஒரே காட்சியை நோக்கிய இரு கருவிகளின் அளவுகளும் தம்முள் வேறுபட்டமை ஐயத்தை எழுப்பிற்று. ஒன்று பாதைக்குக் குறுக்கே மட்டும் நோக்க, மற்றையது திசைதோறுஞ் சுழன்று நோக்கியது. சுழன்று நோக்கிய கருவியின் ஒளியியற் பகுதிகளே மிகுதியாக மங்கியிருந்தன. மங்கலோ நீலக் கதிர்களிலும் ஊதாக்கடந்த கதிர்களிலுமே மிக்கிருந்தது. தங்குதன் விளக்கில் அக்கதிர்கள் மிகக் குறைவு. தான் வீசாத கதிரின் குறையை அவ்விளக்கு எங்ஙனம் காட்டும்? காரணம் புலப்பட்டபின் பழைய அளவுகள் திருத்தப்பட்டன.

இத்தனை முயன்றும் தெறியொளியின் அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு ஐயம் எஞ்சின், அதுவே ஓர் உவாற்றாகும். ஆதலின் மிகுதியின் முழு அளவைச் செய்மதியால் மட்டும் துணிதல் அரிது. மிகுவெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கடலையே சேர்வதால், ஆர்கோ மிதவைகள் கடலினுள் அளந்த வெப்பநிலைகள் அவ்வளவை நிலைநாட்டுகின்றன. ஆண்டுதோறும் நிகழும் மாற்றத்தைச் செய்மதி துல்லியமாகக் காட்டுகின்றது. 2005 முதல் 2019 வரையான காலத்தில் அம்மிகுதி ஏறத்தாழ இருமடங்காயிற்று என 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. விண்ணிலிருந்து ஒன்றும் கடலினுள் மற்றொன்றுமாக, ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளும் அதில் ஒத்து நின்றன. அவ்வுடன்பாடே முடிவிற்கு வலிமை தந்தது.