தொந்தி வெறும் கொழுப்பு அல்ல!



"வசதி வந்தா தொந்தியும் வரும், அதுல என்ன இருக்கு?" என்று பலர் சொல்வதுண்டு. ஊரில் மண்வெட்டி பிடித்தவர்கள் பிழைப்புக்காக வியாசர்பாடி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வந்து சேருகிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால் உழைப்பு குறைகிறது. சோற்றின் அளவு குறைவதில்லை. மிச்சமெல்லாம் வயிற்றில் கொழுப்பாகத் தங்குகிறது. கிராமத்திலும் இன்று இதே கதைதான்.

கொழுப்பு சேர்ந்தால் என்ன ஆகும்?

வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள். கிருமி புகுந்தால் அழிப்பவை இவைதான். இவற்றில் ஒரு வகை, விழுங்கும் அணுக்கள். கொழுப்பு அணுக்கள் அளவுமீறிப் பருத்தால் சில செத்துப்போகும். அங்கே விழுங்கும் அணுக்கள் கூட்டமாக வந்து சேரும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் இதைக் கண்டறிந்தார்கள்.

வந்தவை சும்மா இருப்பதில்லை. கிருமியே இல்லாத இடத்தில் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. காய்ச்சல் இராது, வலியும் தெரியாது. உமி நெருப்பு மாதிரி உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். இப்பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். சர்க்கரை தசைக்குள் போகாமல் இரத்தத்திலேயே தேங்கும். நீரிழிவுக்கு அதுவே வழி; இருதயத்துக்கும் கேடு.

"நான் ஒல்லிதானே?" என்று இருந்துவிடாதீர்கள். கை கால் மெலிந்திருந்தாலும் வயிறு பெருத்தால் ஆபத்துதான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தையல்காரர் நாடாவால் இன்றே அளந்து பாருங்கள்.

தடுக்க முடியுமா? முடியும்!

சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை 3 ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, உடலுக்கு வேலை கொடுத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. எடை பெரிதாகக் குறையாதபோதும் இந்தப் பலன் கிடைத்தது!

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. தினமும் அரை மணி நேரம் தம்பதியர் இருவரும் சேர்ந்து வேகமாக நடங்கள்.
2. சோற்றைக் குறைத்து கீரை, காய், சுண்டல் கூட்டுங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள்.
3. பீடி, சிகரெட்டை விடுங்கள்.
4. 30 வயதானால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக இரத்தச் சர்க்கரை பாருங்கள்.
5. கர்ப்பிணிகள் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தாய்க்கும் சேய்க்கும் அது காப்பு.

வயிறு அளவோடு இருந்தால் வாழ்வு நலமோடு இருக்கும்!