கண் திரும்பத் திரும்பச் சிவக்கிறதா? முதுகையும் கவனியுங்கள்!

"டாக்டர், பையனுக்குச் சூடு புடிச்சுக்கிச்சு. கண்ணு ரத்தமா செவந்து கெடக்குது. குளிர்ச்சிக்கு ஏதாச்சும் குடுங்க."

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. பாலக்கோடு பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாயார் இப்படித்தான் ஆரம்பித்தார். மகனுக்கு வயது இருபத்தாறு. தக்காளி லோடு ஏற்றும் வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். அறைக்குள் வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "வெளிச்சம் பட்டா குத்துதுங்க" என்றார்.

விசாரித்தேன். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது தடவையாம். முதல் தடவை 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது தடவை பாட்டி நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டிருக்கிறார். மூன்றாவது தடவை என்னிடம் வந்திருக்கிறார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பீளை இல்லை. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு. அதுவும் கருவிழியைச் சுற்றி வளையம் போட்டாற்போல. நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய பாவை, ஒரு ஓரத்தில் இழுத்துக் கட்டியதுபோல் கோணலாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"தம்பி, காலையில எழுந்திருக்கும்போது இடுப்பு எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

தாயார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கண்ணுக்கு வந்தால் இடுப்பைக் கேட்கிறாரே என்று! உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மகன் சொன்ன பதில் இதுதான்: "மரக்கட்டை மாதிரி இருக்குங்க. ஒரு மணி நேரம் நடமாடினாத்தான் வளையும். எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கறதுதானே... தண்ணிக் கோளாறு."

இது தண்ணீர்க் கோளாறும் இல்லை, சூடும் இல்லை. பின்னே என்ன?

கண்ணுக்குள் ஒரு திராட்சை

நம் கண்ணின் வெள்ளைத் தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு நடுப்படலம் இருக்கிறது. வெள்ளையை உரித்துப் பார்த்தால் கறுப்புத் திராட்சை போலத் தெரியுமாம். அதனால் லத்தீனில் திராட்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'யூவியா' என்று பெயர் வைத்தார்கள். பாவையைச் சுற்றி இருக்கும் பழுப்பு வளையம் இந்தப் படலத்தின் முன்பகுதிதான். இங்கே வருகிற அழற்சிக்கு 'யூவியைட்டிஸ்' என்று பெயர்.

அழற்சி வந்தால் கண்ணுக்குள் பசை போன்ற நீர் ஊறுகிறது. பழுப்பு வளையம் பின்னால் இருக்கும் லென்ஸில் போய் ஒட்டிக்கொள்கிறது. பாவை கோணலாவது இதனால்தான். கவனிக்காமல் விட்டால் கண்புரை, கண் நீர் அழுத்தம், விழித்திரையில் வீக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து பார்வையையே கொண்டுபோய்விடும்.

காவல்காரனே கல் எறிந்தால்?

கிருமி இல்லாமல் அழற்சி எப்படி வரும் என்று கேட்கிறீர்களா? நம் உடம்பில் வெள்ளை அணுக்கள் காவல்காரர்கள். ஒவ்வொரு செல்லும் தன் மேல்பரப்பில் ஒரு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறது. ரேஷன் கார்டைப் பார்த்து "நம்ம வீட்டு ஆள்" என்று விடுவதுபோல், காவல் அணுக்கள் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த அட்டைக்கு 'ஹெச்.எல்.ஏ.' என்று பெயர். பாரிஸ் நகர டாக்டர் ழான் தோசே 1958ல் இவற்றில் முதலாவதைக் கண்டார். 1980ல் மற்ற இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

இந்த அட்டைகளில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகின்றன. அவற்றில் ஒன்றுதான் 'பி-27'. இது உள்ளவர்களில் சிலருக்குக் காவல் அணுக்கள் குழம்பிவிடுகின்றன. சொந்த வீட்டின்மீதே கல் எறிய ஆரம்பிக்கின்றன. அந்தக் கல் அதிகமாக விழும் இடங்கள் இரண்டு: முதுகெலும்பு, கண்.

முதுகெலும்பில் வந்தால் 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்'. இடுப்பில் ஆரம்பித்து முதுகெலும்பை ஒரே கம்பாக இறுக்கிவிடும் வாத நோய் இது. பி-27க்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை 1973ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தனித்தனியாகக் கண்டார்கள். அதே வருடம் கண் அழற்சிக்கும் இதே பி-27 தொடர்பு வெளிவந்தது. இந்த முதுகு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது கண்ணிலும் அழற்சி வருகிறது.

தலைகீழாகவும் பாருங்கள். கண் அழற்சியோடு வந்தவர்களை அயர்லாந்தில் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். காரணம் தெரியாத கண் அழற்சி என்று வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு, அதுவரை யாரும் கண்டுபிடிக்காத முதுகு வாதம் இருந்தது! அதாவது, நோயைக் காட்டிக்கொடுப்பது பல பேருக்குக் கண்தான்.

பழி தண்ணீர்மேல்!

நம் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. பல வருடம் அதிகமாகக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் விறைப்பு, முதுகு வளையாமை எல்லாம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்ததே இதற்காகத்தான்.

அதனால் இங்கே யாருக்கு முதுகு பிடித்தாலும் "தண்ணி அப்படி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வாத அழற்சி பெரும்பாலும் இருபது, முப்பது வயதில் ஆரம்பிக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு நிற்கும். வேலை செய்தால் குறையும், படுத்தால் கூடும். முக்கியமாக, ஃபுளோரைடு கண்ணைச் சிவக்க வைக்காது. முதுகுப் பிடிப்போடு கண்ணும் அடிக்கடி சிவந்தால் தண்ணீரைக் குற்றம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

கிருமியும் காரணமாகலாம்

எல்லாக் கண் அழற்சியும் பரம்பரை அல்ல. 1993 கடைசியில் தென்மாவட்டங்களில் பெரிய வெள்ளம் வந்தது. அதற்கடுத்த மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யூவியைட்டிஸ் நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் குழுவினர் ஆராய்ந்தபோது எலிக்காய்ச்சல் கிருமிதான் மூலம் என்று தெரிந்தது. காய்ச்சல் விட்டுப் போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கண்ணில் காட்டிய கோபம் அது. 1997ல் இதை உலகுக்கு எழுதினார்கள்.

காசநோயும் இப்படிக் கண்ணுக்குள் அழற்சி செய்யும். அதனால்தான் கண் டாக்டர் ரத்தம் எடு, மார்பு எக்ஸ்ரே எடு என்கிறார். "கண்ணுக்கு எதுக்கு நெஞ்சு படம்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கிருமி இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

நான் செய்த தவறு

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வந்து நான் தொழில் ஆரம்பித்த புதிது. ஒரு பள்ளி ஆசிரியர் இதே போன்ற சிவந்த கண்ணோடு வந்தார். கண் நோய் 96 என்று நம் சித்த நூல்கள் கணக்குச் சொல்கின்றன. நானும் நாடி பார்த்தேன், அழல் மிகுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன், உள்மருந்தும் எண்ணெய் முழுக்கும் சொன்னேன். ஒரு மாதம் வைத்திருந்தேன். அதற்குள் பாவை முழுவதும் ஒட்டிவிட்டது. கடைசியில் கண் மருத்துவமனைக்குப் போனபோது, பாதிப் பார்வைதான் மிச்சம்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அந்த வணக்கம்தான் எனக்குத் தண்டனை. அன்றிலிருந்து என் அறையில் ஒரு டார்ச் லைட் இருக்கிறது. வலியோடு சிவந்த கண் வந்தால் முதலில் பாவையைப் பார்க்கிறேன். பிறகு முதுகைக் கேட்கிறேன். அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புகிறேன்.

மருந்து என்ன?

பாவையை விரிக்கும் சொட்டு மருந்து ஒன்று. அது ஒட்டாமல் காக்கும், வலியையும் குறைக்கும். அழற்சியை அடக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னொன்று. "ஐயோ, ஸ்டீராய்டா!" என்று பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு போனதும் நிறுத்தினால் அழற்சி திரும்ப எழும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி நீங்களாகவே வாங்கிப் போடுவதும் தப்பு. மாதக்கணக்கில் போட்டால் கண் நீர் அழுத்தத்தையும் புரையையும் அதுவே கொண்டுவரும்.

அடிக்கடி திரும்பினால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகள் உண்டு. அடலிமுமாப் என்ற ஊசி மருந்தைக் கிருமியால் வராத யூவியைட்டிஸுக்கு 2016ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 2014லிருந்து இந்தியாவிலேயும் தயாராவதால் விலை முன்னைவிட இறங்கியிருக்கிறது. இதற்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம்.

சரி, சித்த மருத்துவனாக நான் என்ன சொல்வேன்? பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், நல்லது. தினம் முதுகை வளைத்து நீட்டும் பயிற்சி செய்யுங்கள், மிக நல்லது. பீடி, சிகரெட்டை விடுங்கள். அது முதுகு நோயை வேகப்படுத்தும். ஆனால் கண்ணுக்குள் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

"பொண்ணு கொடுப்பாங்களா?"

அந்தத் தாயார் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டது இதைத்தான். "பரம்பரை வியாதின்னு வெளிய தெரிஞ்சா யாருங்க பொண்ணு குடுப்பாங்க? சொந்தத்துல கட்டிக்கிட்டதால வந்ததா?"

சொந்தத்தில் கட்டியதால் வருவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து ஒரு அட்டை வந்தாலே போதும். பி-27 உள்ளவரின் குழந்தைக்கு அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் அது வந்தவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. நூறு பேருக்கு பி-27 இருந்தால், முதுகு நோய் வருவது ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான். மற்றவர்கள் அது இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுக்கிறார்கள். ஜாதகத்தைப் பார்ப்பதுபோல் இதைப் பார்த்துக் கல்யாணத்தைத் தட்டிவிடாதீர்கள். குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்துவைத்தால் அடுத்தவருக்குக் கண் சிவக்கும்போது ஒரு நாள்கூட வீணாகாது.

உடனே கண் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

* ஒரு கண்ணில் மட்டும் ஆழமான வலி, சிவப்பு; பீளை இல்லை. (மெட்ராஸ் ஐயில் பீளை, உறுத்தல், வீட்டில் பலருக்கும் பரவுதல் இருக்கும்.)
* வெளிச்சம் பார்க்க முடியவில்லை, பார்வை மங்கல், கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன.
* பாவை வட்டமாக இல்லை.
* முன்பு ஒரு முறை இப்படி வந்து போயிருக்கிறது.
* மூட்டு வாதம் உள்ள குழந்தைகள். இவர்களுக்குக் கண் சிவக்காமலே, வலிக்காமலே உள்ளே அழற்சி இருக்கலாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண்ணைச் சோதிப்பது அவசியம்.

பாலக்கோட்டுத் தம்பி அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போனார். சோதனையில் பி-27 இருந்தது. இடுப்புப் படத்தில் வாதமும் தெரிந்தது. ஒட்டிய பாவை சொட்டு மருந்தில் முக்கால்வாசி விட்டுவிட்டது. இப்போது தினம் காலையில் முதுகுப் பயிற்சி செய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். போன வாரம் ஒரு கூடை தக்காளியோடு வந்தார், கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.

கூடவே தன் சித்தப்பாவையும் அழைத்து வந்திருந்தார். "இவருக்கும் காலையில இடுப்பு வளையலைங்க. கண்ணு ரெண்டு தடவை செவந்திருக்குதாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருக்கலாம். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.